அத்தானின் குடை

அக்கா கூப்பிடுவாள் என்று வாசற்படியில் கொஞ்சம் நின்றுகூடப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

வெளியே கிளம்புகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். அதைத் தவறாமல் மீறுவது ரெங்கம்மாள் அக்காவின் வேலை. படி இறங்கினால் போதும், "தம்பீ" என்று ஒரு குரல் வரும். துண்டை மறந்துவிட்டாய், சாவியை மறந்துவிட்டாய், ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன். அம்மா எத்தனை குட்டு வைத்தும் அவள் திருந்தவில்லை. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும் திருந்தவில்லை. முந்தின நாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனபோதுகூட, தெருமுனையைத் தாண்டிய என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சோப்பைக் கொடுத்தாள்.

அன்றைக்கு மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். இந்த வயதிலாவது புத்தி வந்ததே என்று சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

கையில் அத்தானின் குடை.

அதுவே ஓர் அதிசயம்தான். கறுப்புக் குடையின் மேல் வெயிலுக்காக வெள்ளைத் துணி தைத்தது. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்றுதான் உண்டு. தூரத்து வரப்பில் வெள்ளையாகத் தெரிந்தாலே வயலில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அக்கா தொட்டால்கூட அத்தானுக்கு ஆகாது.

"வெயில் ஏறிடுச்சு மாப்ள, இத எடுத்துட்டுப் போங்க. அப்படியே மதகு தாண்டி, கதிர் எப்படியிருக்குன்னு ஒரு பார்வ பாத்துட்டு வந்துடுங்க" என்றார்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடித்துவிட்டுத் திருச்சியில் பஸ் ஏறி வந்தவன் நான். என்றைக்கும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். கோழி அடித்தார்கள். தன் ஈசிசேரில் என்னை உட்காரவைத்தார். ஒரு குமாஸ்தாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று.

ஊர் நிலவரம் தெரியாமல் இல்லை. புது ஆட்சி வந்த பிறகு வந்த முதல் தை அது. கூலியைக் கூட்டிக் கேட்டு அறுப்பாட்கள் வயலில் இறங்கவில்லை. அத்தான் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். தடுக்கப் போன அறுப்பாள் மருதையனையும் அவர் அண்ணனையும் அத்தானின் ஆட்கள் களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். மருதையன் பிழைத்துக்கொண்டார். அண்ணன் பிழைக்கவில்லை.

"மதகைத் தாண்டி வரட்டும்" என்று அறுப்பாட்கள் அத்தானுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். வெளியூர் ஆட்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பொங்கலுக்குக்கூட அத்தான் வயல் பக்கம் போகவில்லை.

ஆனால் அது அவர்மேல் உள்ள பகை. எனக்கென்ன, நான் விருந்துக்கு வந்தவன். அப்படித்தான் நினைத்தேன்.

வாய்க்கால் கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் முற்றிய கதிர் சாய்ந்து கிடந்தது. சில இடங்களில் மணி உதிரத் தொடங்கியிருந்தது. அறுப்புக் காலத்தில் ஒரு பேச்சுக் குரல்கூடக் கேட்காத வயலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னவோ பிடிக்கவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் அத்தான் சிரிப்பாரே என்று கூச்சமாக இருந்தது.

வெயில் கண்ணைக் குத்தியது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். காலுக்கு முன்னால் கொஞ்சம் கரைதான் தெரிந்தது.

மதகில் ஏறியபோது காற்று குடையைப் பிடித்து இழுத்தது. மடக்கிக்கொண்டு திரும்பினேன்.

கையெட்டும் தூரத்தில் மருதையன் நின்றிருந்தார். அரிவாள் தலைக்கு மேல் ஓங்கியிருந்தது. பின்னால் நாணலுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

என் முகத்தைப் பார்த்தார். அரிவாள் மெல்லக் கீழே இறங்கியது.

அப்புறம் குடையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க அம்மாவோட தம்பில்ல? இந்தக் குடையோட நீங்க கெளம்புனத அம்மா பாத்தாங்களா?"

அந்த வீட்டில் அவர்கள் நம்பியது அக்கா ஒருத்தியைத்தான். மருதையன் அடிபட்டுக் கிடந்தபோது, அத்தானுக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கமாகக் கஞ்சி கொடுத்தனுப்பியவள் அவள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நிலைப்படியில் நின்ற அக்கா கண்முன் வந்தாள். ஒரு கை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுத்தானே சிரித்தேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது.

"இல்லீங்க. அக்கா அடுப்படியில இருந்தா" என்றேன். "பாத்திருந்தா கூப்பிட்டிருப்பா."