வலப்பக்கம் போகிற பந்து

நாற்பதாவது பந்தும் கடலில் விழுந்ததும், சவுக்கு நிழலில் உட்கார்ந்திருந்த ஆர்க்கிடெக்ட் நோட்டுப் புத்தகத்தில் திருப்தியாக ஒரு கோடு போட்டார். நாற்பதும் ஒரே பக்கம்.

“எப்பவுமே இப்படித்தானா சார்?”

பந்தை அடித்துக்கொண்டிருந்த கோல்ஃப் கிளப் தலைவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். “முப்பது வருஷமா இப்படித்தான். நேராத்தான் நிக்கிறேன், நேராத்தான் பார்க்கிறேன். பந்து மட்டும் வலது பக்கம் ஒதுங்கிடுது.”

“அப்போ கவலையை விடுங்க. பந்து போற பக்கம் மைதானத்தைத் திருப்பிடலாம்.”

தலைவருக்கும் அவர் மனைவியின் தம்பிக்கும் வருஷத்துக்கு ஒரு போட்டி உண்டு. தோற்றவர் அடுத்த போட்டி வரை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஜெயித்தவரின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுக் குழியும் கூடவே நடக்க வேண்டும். இந்த விதியை ஏற்படுத்தியவர் தலைவர்தான். ஒன்பது வருஷமாகப் பை சுமப்பவரும் அவர்தான்.

வீட்டு வாசலிலிருந்து கேட்டுக்குப் போகவே பேட்டரி வண்டி கேட்கிற மனிதர் அவர். ஒரே ஒரு தடவை ஜெயித்து, தான் அந்த வண்டியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மைத்துனரைப் பையோடு நடக்கவிட வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

பழைய மைதானத்தில் பாதியைக் கடல் தின்றுவிட்டதால் புதிதாக ஒன்று போட வேண்டி வந்தது. தலைவர் தேடிப் பிடித்த ஆர்க்கிடெக்ட் அதுவரை மற்றவர்கள் போட்ட மைதானங்களில் புல் எங்கே, மணல் எங்கே என்று அளந்துகொண்டிருந்தவர். சொந்தமாகப் போடப்போகிற முதல் மைதானம் இது. மனசாட்சி லேசாக முனகத்தான் செய்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

வரைபடம் தலைவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரிந்தது. கடல் முழுக்க இடப்பக்கம். பதினெட்டு ஆட்டப் பாதைகளும் அரிவாள் மாதிரி வலப்பக்கம் வளைந்தன. திரும்பத் தெரியாமல் நேராகப் போகிற பந்துக்கு வளைவுதோறும் மணல்மேடும் முள்புதரும் காத்திருந்தன.

காபி கொண்டுவந்த தலைவரின் மனைவி, கோப்பையை வைக்க இடம் தேடியபடி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். எல்லாம் ஏன் ஒரே பக்கமாகத் திரும்புகிறது என்று கேட்டார். கடற்காற்றை அனுசரித்து அப்படிப் போட்டிருப்பதாக ஆர்க்கிடெக்ட் கூசாமல் சொன்னார். அப்படியா என்று தலையாட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மண் கொட்டி, மேடு எழுப்பி, புல் பிடித்து மைதானம் தயாராக ஒரு வருஷம் ஆயிற்று. போட்டி நாளன்று கிளப்பே திரண்டு வந்திருந்தது.

தலைவர் முதல் பந்தை அடித்தார். அது ஈட்டி மாதிரி நேராகப் போயிற்று. கூட்டம் கை தட்டியது. ஆர்க்கிடெக்ட் மட்டும் தட்டவில்லை.

பந்து மணல்மேட்டில் போய்ப் புதைந்தது. அடுத்த குழியிலும் அதே நேர்க்கோடு, அதே மணல். ஐந்தாவது குழியில் தலைவர் வேண்டுமென்றே பழையபடி அடித்துப் பார்த்தார். கைக்கு அது மறந்தே போயிருந்தது. நிதானக்காரரான மைத்துனர் பந்தைச் சின்னச் சின்னதாகத் தட்டி, வளைவுக்கு வளைந்து கொடுத்து, பதின்மூன்றாவது குழியிலேயே எட்ட முடியாத அளவுக்கு முந்தி ஜெயித்துவிட்டார்.

தலைவர் ஆர்க்கிடெக்டைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். “என்னய்யா மைதானம் போட்டிருக்கே?”

“வலது பக்கம் அடிக்கிறவருக்குப் போட்டது சார் இது. நீங்க எப்போ நேரா அடிக்க ஆரம்பிச்சீங்க?”

தலைவரின் குரல் இறங்கியது. பத்து மாதமாக ஒரு கோச்சிடம் ரகசியமாகப் பழகியதை ஒப்புக்கொண்டார். மைதானமும் தன் பக்கம், கையும் சரியாகிவிட்டது, இனித் தன்னை யார் அசைக்க முடியும் என்று நினைத்தாராம்.

கிளப்பில் முக்கால்வாசிப் பேருக்குப் பந்து வலப்பக்கம்தான் போகும். அதனால் மைதானத்தை எல்லோரும் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தார்கள். ஆர்க்கிடெக்டின் பிழைப்பு தப்பியது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் கையை வீசிக்கொண்டு முன்னால் போக, தலைவர் பையோடு பின்னால் போவதைக் கிளப் வராந்தாவிலிருந்து பார்த்தபோது அவருக்குப் பாவமாக இருந்தது.

பக்கத்தில் தலைவரின் மனைவி நின்றிருந்தார். எங்கிருந்தோ ஒரு கோச் நடுவில் புகுந்து காரியத்தையே கெடுத்துவிட்டதாக ஆர்க்கிடெக்ட் அவரிடம் புலம்பினார்.

“அவரைத் திட்டாதீங்க. தேடிப் பிடிச்சு, பிறந்த நாள் பரிசுன்னு இவருக்கு ஏற்பாடு பண்ணினதே நான்தான்” என்றார் அந்த அம்மாள். “உங்க வரைபடத்தைப் பார்த்த மறுநாளே தேட ஆரம்பிச்சுட்டேன்.”

தம்பி ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவா என்று ஆர்க்கிடெக்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

தூரத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்த கணவரிடமிருந்து அவர் பார்வையை எடுக்கவில்லை.

“தம்பி கிடக்கிறான் சார். இவருக்கு சுகர் இறங்குறதே இந்த நடையிலதான்.”