ரெண்டு கணு போதும்

“ஒரு கொடியைக்கூட வெட்டக் கூடாது” என்று பந்தலுக்குக் குறுக்கே நின்றாள் மாமியார்.

மருமகளின் கையில் புதுக் கத்தரி. திராட்சைக் கவாத்துப் பயிற்சிக்குப் போய் வந்த உற்சாகம் இன்னும் ஆறவில்லை. போன வருடக் கிளையில் ரெண்டு கணுவை விட்டுவிட்டு மிச்சத்தை நறுக்கினால்தான் குலை பருக்கும், பழம் இனிக்கும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

மூன்று வருடமாகப் பந்தல் நிறையக் காய்தான். ஆனால் எல்லாம் மிளகு பருமன், வாயில் வைத்தால் பல் கூசும். இந்த முறையும் வியாபாரி முகம் சுளித்தால் கொடிகளை வேரோடு பிடுங்கிவிடப் போவதாக மாமனார் சொல்லியிருந்தார்.

“காய்க்கிற கொடியை மொட்டையடிப்பாளாம். என் பேச்சுக்கு இந்த வீட்டுல மதிப்பிருந்தா, அந்தக் கத்தரியை வாங்கி உள்ளே வைங்க” என்று மாமியார் வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

வாசலில் அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். அதுவரை அவரும் பிடி கொடுக்காமல்தான் இருந்தார்.

“நீ வெட்டும்மா. நான் சொல்றேன்.”

மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெண்டே நாளில் பந்தல் மொட்டை. மாமியார் தெரு முழுக்கப் போய்ப் புலம்பிவிட்டு வந்தாள்.

பிஞ்சு இறங்கியதும், பாதிக் குலைகளைக் கிள்ளினால்தான் மீதி தேறும் என்றாள் மருமகள். மாமியார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். மாமனாரோ தானே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

அறுவடை நாளில் வியாபாரி ஒரு பழத்தைக் கடித்தார். இன்னொன்றையும் கடித்தார். அப்புறம் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டார்.

“மொத்தத்தையும் முதல் தரத்துல எடுத்துக்கறேன். வேற யார்கிட்டேயும் பேசிடாதீங்க.”

இன்னொரு பந்தல் போட இடம் இருக்கிறதா என்று மாமனார் தோட்டத்தைச் சுற்றிவர ஆரம்பித்தார். மருமகள் முதல் குலையை அவர் கையில் கொடுத்தாள். மாமியார் பக்கம் வேண்டுமென்றே திரும்பவில்லை.

தண்ணீர் குடிக்க உள்ளே போனால், சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாமியார் ஒவ்வொரு பழமாக ருசித்துத் தின்றுகொண்டு, தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வெட்டக் கூடாதுன்னு அந்தக் குதி குதிச்சீங்களே அத்தை. இப்ப மட்டும் இனிக்குதா?”

மாமியார் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

“மூணு வருஷமா, வெட்டுங்க வெட்டுங்கன்னு கெஞ்சினேன்டி. மனுஷன் நான் சொன்னதுக்கு நேர்மாறாத்தான் செய்வார். இந்த வருஷம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு.”

மருமகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார் குரலை உயர்த்தினாள்.

“அடுத்த வருஷம் ஒரு கொடியையும் தொட விடமாட்டேன், ஆமா.”

“அடுத்த வருஷமும் அவதான் வெட்டுவா” என்று வாசலிலிருந்து பதில் வந்தது.