அம்மா பேரைச் சொல்லி

பளாரென்று விழுந்த அறையில் சந்தோஷ்குமாரின் மூக்குக் கண்ணாடி தெறித்து அரிசி மூட்டை மேல் விழுந்தது. மளிகை வாங்க வந்திருந்த இரண்டு பேரும் பையைச் சுருட்டிக்கொண்டு நழுவினார்கள்.

"அம்மா, ஆளுங்க பாக்குறாங்க..."

"பாக்கட்டும்! இந்த இலுப்பூரே பாக்கட்டும்!" அமிர்தவல்லிக்கு மூச்சு வாங்கியது. கடைக்கு ஒருநாளும் கட்டாத பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஷர்லி. மூணு வருசமாப் பழக்கம். எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

வேறு சாதி, வேறு மதம். இந்த நாளுக்குப் பயந்துதான் போன வாரமே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. இனிமே பேச மாட்டேன். சத்தியம்."

இன்னொரு அறை விழுந்தது.

"இப்ப அவ வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரேன்."

அப்பா இல்லாத வீடு அவளுடையது. ஷர்லி பள்ளிக்கூட டீச்சர். அம்மா வாசலில் நின்று கத்திய கத்தலுக்குத் தெருவே கூடியிருக்குமே.

"அவங்களை ஏம்மா அசிங்கப்படுத்துன? தப்பு எம்மேலதானே!" முதல்முறையாக அவனுக்கும் கோபம் வந்தது.

"அசிங்கம் எனக்குத்தான்டா! அவ ஆத்தா குடுத்த காப்பி தொண்டையில எறங்கல. அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாக்கவே பயந்துகிட்டு அடுப்படிக்குள்ள நின்னு அழுவுது."

அம்மா என்ன சொல்ல வருகிறாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினான். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"என்ன சொல்லி அவள விட்டுட்டு வந்த? அத என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் தலை குனிந்தான். வார்த்தைகளை மென்று விழுங்கிச் சொன்னான்.

"எங்கம்மா... ஒத்துக்க மாட்டாங்கன்னு..."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அமிர்தவல்லி தொப்பென்று முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வரணும்னு ஆசை ஆசையாப் பொண்ணு கேக்கப் போனேன்டா. என்னைய எப்படா கேட்ட நீ?"