முத்திருளன் என்று யாரும் இல்லை

கொடியில் புது வேட்டி ஒன்று காற்றாடிக்கொண்டிருந்தது. “இந்த வீட்டுல ஆம்பளையே கிடையாது” என்று சீனியம்மாள் சொன்னபோது, ஞானாபரணம் வாத்தியார் அந்த வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப முத்திருளன்கிறது யாரு?”

“அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியாது” என்றாள். சொல்லிக்கொண்டே வேட்டியை உருவிச் சுருட்டி உள்ளே வீசினாள்.

அது 1922. ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சண்டையில் மாண்டுபோன இந்த வட்டாரத்து ஆட்களின் பெயர்களை, அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டவர்களாக இருந்தாலும், மதுரையில் ஒரு தேவாலயத்துச் சுவரில் கல்லில் வெட்டிவைக்க ஏற்பாடாகியிருந்தது. பெயர்களை விசாரித்து உறுதி செய்வது வாத்தியாரின் பொறுப்பு.

கல்லில் எழுத்து வெட்டுவதில் ஒரு முறை உண்டு. கல்தச்சர் முதலில் காவியைக் குழைத்துப் பெயரை வரைந்துகொள்வார். அதுவரைக்கும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். உளி இறங்கிய பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதென்றாலும் கல்பலகையின் முகம் முழுவதையும் செதுக்கிக் குறைக்க வேண்டும்.

மற்ற பெயர்கள் எல்லாம் வெட்டி முடிந்துவிட்டன. முத்திருளன் மட்டும் காவியிலேயே நின்றான். வாத்தியார் இன்று நல்ல பதில் கொண்டுபோகாவிட்டால், நாளை அந்தப் பெயரைத் துடைத்துவிடுவார்கள்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. பஸ்ராவில் சுமை தூக்கும் படையில் இருந்து காய்ச்சலில் இறந்தவன், ஊர் உசிலம்பட்டிப் பக்கம் இந்தக் கிராமம் என்று பட்டாளத்துக் கணக்கு சொல்லியது. ஆனால் அவன் சாவைத் தெரிவித்துப் பட்டாளத்திலிருந்து இந்த ஊருக்குப் போன தபால், அப்படி ஓர் ஆளே இல்லை என்று பிரிக்காமல் திரும்பி வந்திருந்தது.

வாத்தியார் இரண்டு விதமாக யோசித்தார். ஒன்று, பெயர் பொய். இல்லையென்றால், படையை விட்டு ஓடியவன் யாரோ ஒருவனுடைய பிணத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, ஊரில் வந்து ஒளிந்திருக்கிறான். உயிரோடு இருப்பவனுக்கு இறந்தவர்கள் வரிசையில் கல் வெட்டினால் ஊரே சிரிக்கும்.

அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்ததும் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு விருமாண்டி மட்டும் வெற்றிலையை மென்றபடி வந்து குறுக்கே நின்றார். வாத்தியார் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது.

“அப்படி யாரும் இந்த ஊர்ல இல்ல. இருந்தாலும் அவன் ஒரு தப்பும் செஞ்சவன் இல்ல.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இல்லாதவனுக்கு இவ்வளவு நல்ல பெயரா? ஆள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறான் என்று அவருக்குப் பாதி உறுதியாகிவிட்டது.

ஊராரின் பயம் அவருக்குப் புரியாமல் இல்லை. ரேகைச் சட்டம் வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஆண்கள் போலீசில் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். பெயர் கேட்டு வருகிற எவனையும் அவர்கள் போலீசின் ஆளாகத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே பொறுமையாக விளக்கினார். இறந்தவர்கள் என்ற சொல்லை வீட்டாருக்கு முன்னால் எடுப்பதில்லை என்பது அவர் வழக்கம். ஆறிய புண்ணைக் கீறுவானேன்? சண்டைக்குப் போனவர்களின் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம், நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான், என்றார்.

“நாலு பேர்ல ஒருத்தன் போலீஸ்காரனா இருப்பான்ல” என்றார் விருமாண்டி. “காகிதத்துல எழுதுனாலாச்சும் கரையான் திங்கும். நீங்க கல்லுலயே வெட்டப் போறீகளாக்கும்?”

வாத்தியார் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார். கேட்டதற்கெல்லாம் இல்லை, தெரியாது என்பதே பதில். கடைசியில் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“சரிம்மா. பட்டாளத்துலயிருந்து வந்த பேரு இது. ஆளே இல்லைன்னா, அதை அழிச்சுடச் சொல்லிர்றேன்.”

அவர் தெருவில் இறங்கிவிட்டார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“நில்லுங்கய்யா” என்றாள் சீனியம்மாள். “எங்கேயிருந்து வந்த பேருன்னீக?”

“பட்டாளத்துலயிருந்து. பஸ்ராவுலயிருந்து.”

அவள் விருமாண்டியைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். அவள் கேட்கவில்லை, வலது கையை வாத்தியாருக்கு முன்னால் நீட்டினாள்.

“நீங்க போலீசு ஆளு இல்லைன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவீகளா?”

வாத்தியார் சத்தியம் செய்கிறவர் அல்ல. அவருடைய வேதம் அதை விலக்கியிருந்தது. ஆனாலும் காவியில் நின்ற அந்தப் பெயரை நினைத்துக்கொண்டு, காய்த்துப்போயிருந்த அவள் உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தினார்.

“போலீசு இல்லம்மா. சத்தியம்.”

அவள் அவரை மறுபடி வீட்டுக்குக் கூட்டிவந்து, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாத்தியார் குடிக்காமல் உள்ளே தெரிந்த இருட்டையே கவனித்தார். ஒளிந்திருப்பவன் இனி வெளியே வருவான் என்று காத்திருந்தார்.

யாரும் வரவில்லை. சீனியம்மாள்தான் அந்தப் புது வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு கிட்டே வந்து, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எம் மகன்தேன் ஐயா. எப்ப வாரேன்னு சொல்லிவிட்டான்?”