உத்தமன் ரத்தத்தில் மட்டும்

"எவன் வாயிலயாவது வெளிச் சாப்பாடு போச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்னு சொன்னேனா இல்லையா?"

அல்சூரில் இருந்த அந்த மருந்து ஆய்வுக்கூடத்தின் தலைவர் சுந்தரராமன், நர்ஸ் சௌம்யாவைக் காலையிலிருந்து காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அங்கே சோதித்துவந்த மாத்திரையை விழுங்கினால், அதில் முக்கால்வாசியைக் குடலும் கல்லீரலும் முதல் சுற்றிலேயே அழித்துவிடும். மிச்சம் எவ்வளவு ரத்தத்துக்கு வந்து சேருகிறது என்று கணக்கிடத்தான் ஆரோக்கியமான ஆட்களைத் தங்கவைத்து மாத்திரை கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்த அளவு, நீலசந்திரா ஏரியாவிலிருந்து வந்த பெயிண்டர் உத்தமனுக்கு மட்டும் மூன்று மடங்கு. இத்தனைக்கும் போன மாதம் இதே மருந்தை ஊசியில் போட்டபோது அவனுக்கும் மற்றவர்கள் அளவுதான் வந்தது.

"அப்போ கோளாறு குடல்லதான். கிரேப் ஃப்ரூட் மாதிரி ஏதோ ஆரஞ்சு ஜாதிப் பழம் தின்னிருக்கான். அதைத் தின்னா குடல் மருந்தை அழிக்காது, அப்படியே ரத்தத்துக்குப் போயிடும். யாரு குடுத்தா?"

"சார், ஆயுத பூஜை அன்னைக்கு..."

"பூஜைக்கு என்னம்மா இப்போ? கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சௌம்யா ரத்தக் குப்பிகளை அடுக்கத் திரும்பினாள். இந்த மனுஷரிடம் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, உத்தமனைக் கூப்பிட்டார். மாத்திரை போடுவதற்கு முந்தின நாள் என்ன பழம் தின்றான் என்று கேட்டார்.

"சக்கோத்தா சார்."

தேவனஹள்ளிப் பக்கத்துப் பம்ளிமாஸ். கிரேப் ஃப்ரூட்டுக்குப் பெரியப்பா முறை. பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"குடுத்தது இந்தம்மாதானே?"

"அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க சார். நீங்கதான் பூஜை அன்னைக்கு, 'எங்க வீட்டு மரத்துப் பழம், பிரசாதத்துல என்ன தப்பு'ன்னு அவங்களை அதட்டிட்டு, எங்களுக்கு ஆளுக்கு நாலு சுளை குடுத்தீங்க."

சுந்தரராமனுக்கு முகம் சுருங்கிப்போனது. அப்போதும் விடவில்லை.

"அப்படின்னா மத்தவங்களுக்கும் ஏறியிருக்கணுமே?"

உத்தமன் தலையைச் சொறிந்தான்.

"ஒரே கசப்பு சார். நீங்க அந்தாண்ட போனதும் எல்லாரும் குப்பையில போடப் பாத்தாங்க. நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுமேன்னு, அதையும் வாங்கி நானே சாப்பிட்டேன்."