வியாழக்கிழமைத் தண்ணீர்

“மோட்டார நிறுத்தும்மா மொதல்ல! மஞ்சக்காடு காஞ்சு கெடக்குது, உனக்குக் கும்மாளங் கேக்குதா?”

அவளுக்குக் கேட்கவில்லை.

காதில் கோளாறு ஒன்றும் இல்லை. தலைக்கு மேல் பம்புசெட்டுக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டிய சேலையோடு தொட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உச்சந்தலையை அதற்கு நேராகக் கொடுத்திருந்தாள்.

மகன்கள் இருவரின் வாயும் திறப்பதும் மூடுவதும் மட்டும் தெரிந்தது.

அதுவே நன்றாக இருந்தது.

பேரன் பேத்தி எடுத்தவள். அடக்கமான மருமகள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஊர் பாவாத்தாளைத்தான் கைகாட்டும். அந்த ஊர்தான் இப்போது வேலையை விட்டுவிட்டு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

போன வாரம்தான் பாகம் பிரித்தார்கள். கிணற்றுக்குக் கிழக்கே பெரியவன் சென்னியப்பனுக்கு. மேற்கே சின்னவன் நாச்சிமுத்துவுக்கு. அம்மா, மாதம் ஒரு வீடாக. மாடு கன்றைப் பிரித்த கையோடு அதையும் பேசி முடித்தார்கள்.

“எனக்குக் கெணத்துல ஒரு மொறை வேணும்” என்றாள் பாவாத்தாள்.

சபை சிரித்தது. நிலமே இல்லாதவளுக்குத் தண்ணீர் முறை எதற்கு? சரி, யார் சோறு நன்றாகப் போடுகிறார்களோ அவர்கள் காட்டுக்குத்தானே விடப்போகிறாள் என்று வியாழக்கிழமையை அவள் பேரில் எழுதினார்கள்.

அந்த வாரம் மருமகள்களைப் பார்த்திருக்க வேண்டும். பெரியவள் பூங்கொடி களி கிண்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். சின்னவள் காலுக்குத் தைலம் தேய்த்தாள். இத்தனை வருடமாக அந்தக் கால்கள் எங்கே இருந்தனவோ.

வியாழன் வந்தது.

பாவாத்தாள் மோட்டார் ரூமில் சுவிட்சைப் போட்டாள். கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். தொட்டியின் கிழக்கு மடையில் ஒரு சாக்கை அடைத்தாள். மேற்கு மடையிலும் ஒன்று.

கிழக்கே திறந்தால் பெரியவனுக்கு அம்மா. மேற்கே திறந்தால் சின்னவனுக்கு அம்மா.

இறங்கி உட்கார்ந்தாள்.

அந்தத் தொட்டியில் மாமனார் குளித்திருக்கிறார். புருஷன் குளித்தார். மகன்கள், பேரன்கள், நோம்பி நாளில் விருந்துக்கு வந்த ஒறம்பரை ஆண்கள் எல்லோரும் கூத்தடித்திருக்கிறார்கள். உழுதுவிட்டு வந்த எருதுகளுக்கும் அங்கே ஒரு குளியல் உண்டு.

அவளுக்குக் கீற்று மறைப்புக்குப் பின்னால் ஒரு குடம்.

வாழ வந்த புதிதில் ஒருநாள் தொட்டியோரம் நின்று பார்த்தாள். “குடும்பத்துப் பொம்பளை பாக்கற பார்வையா இது?” என்றாள் மாமியார். அதற்குப் பிறகு துணி துவைக்க மட்டும்தான் அந்தப் பக்கம் போனாள். குளித்தவர்கள் அவிழ்த்துப் போட்ட துணியை.

தொட்டி நிறைந்து வழிந்தது. வண்டித்தடத்தில் இறங்கிய தண்ணீர் அடுத்த தோட்டத்து முருங்கை வரை போயிற்று. அடுத்த தோட்டத்தார் நியாயம் பேச முன்வரவில்லை.

“தைலந் தேச்சு ஏத்தி உட்டது ஆருடா?” சென்னியப்பன் தம்பி மேல் பாய்ந்தான்.

“நீ களி குடுத்தனுப்பல? அதத் தின்ன தெம்புலதான் உக்காந்திருக்குது!”

சென்னியப்பன் பூட்டை ஆட்டிப் பார்த்தான். சாவி இருக்கும் இடம் தெரியும். நனைந்த சேலையில் இருக்கும் தாயின் இடுப்புக்கு, ஊர் பார்க்க, எந்த மகன் கை நீட்டுவான்? மடைச் சாக்கை ஒருவன் தொட்டால் இன்னொருவன் விடமாட்டான்.

கரண்டாவது போகாதா என்று கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். தினமும் போகிற கரண்டு அன்று போகவில்லை.

நாச்சிமுத்து கிட்டே போய்க் குனிந்து கையை ஆட்டினான். பாவாத்தாள் தலையை மட்டும் வெளியே இழுத்தாள்.

“என்ன சாமி?”

“ஒரு மடையாச்சும் தொறந்து உடும்மா. தண்ணி வீணாப் போகுதல்ல?”

“உங்க மொறையில நான் வந்து நின்னனா?”

மறுபடியும் தலையைக் குழாய்க்குக் கொடுத்துவிட்டாள்.

வரப்பில் ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. பெரியவன் மகள் தாரணி. பூங்கொடி மகளின் நடுமண்டையில் நறுக்கென்று குட்டினாள்.

அடுத்த வியாழனும் இப்படித்தான். அதற்கடுத்ததும். ஊர் பார்த்துப் பார்த்து அலுத்துக் கலைந்தது.

மறுவருடம் சென்னியப்பன் தன் பங்கை விற்றுவிட்டுப் பெருந்துறையில் வாடகை வீட்டுக்குப் போனான். அங்கே தெருக்குழாய்க்குக் குடம் தூக்குவது அவன்தான் என்று கேள்வி. அம்மாவையும் வரச் சொன்னான்.

“அங்க தொட்டி இருக்குதா?” என்றாள்.

அதோடு விட்டுவிட்டான். பங்கை வாங்கியவரும் வியாழக்கிழமையைப் பாவாத்தாளுக்கே விட வேண்டியிருந்தது.

தாரணியைப் பெண் பார்க்கக் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து வந்தார்கள். காபி குடித்தபின், ஒரு மரியாதைக்கு, பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள்.

“உங்க பம்புசெட்டுத் தொட்டியில ஆருங்க குளிப்பாங்க?”

பூங்கொடி கிள்ளினாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். அவன் அப்பா இருமினார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெண்ணை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது.

அந்தத் தோட்டத்து மோட்டார் ரூம் கொடியில், வியாழக்கிழமைகளில், இரண்டு சேலைகள் காய்வதாகப் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.