இடது இருக்கையின் விளக்கு

உப்புக் கிடங்கின் இருட்டில், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் தானோட்டிக் காரின் வலது இருக்கையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். இறந்துபோன கணவருடைய இடது இருக்கை காலி. கம்பெனி காரைத் திரும்பக் கேட்டிருந்தது. அது கற்றுவைத்திருந்த அவருடைய பழக்கங்களை அழித்து வேறொருவருக்குத் தர அவளுடைய சம்மதமும் வேண்டுமாம்.

காரின் கடைசிப் படத்துக்காக, புகைப்படக்காரன் ஜெபசிங் கேமராவின் ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு, டார்ச் ஒளியால் காரை வரைந்தபடி மெல்லச் சுற்றிவந்தான். இடது இருக்கைக்கு மேலே சின்ன விளக்கு எரிந்தது.

"யக்கா, படம் கெட்டுரும். அத அணைங்க!"

"நான் எங்க போட்டேன்? இருட்டுன்னா அவுகளுக்குப் பயம்லா, வண்டியே போடுது. மீசை மட்டுந்தான் பெருசு!"

படத்தில், ஒளியில் மிதந்த காருக்குள், யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல அந்த இருக்கை மினுங்கியது.

எஸ்தர் கம்பெனிக்கு எழுதினாள்: "அழிக்க வேண்டாம். அடுத்து ஏறுகிறவருக்கும் பயம் இருக்கலாம்."

கடிதத்தையும் படத்தையும் உறையிலிட்டு ஒட்டி, இடது இருக்கையில் வைத்தாள்.

கீழே இறங்கி, "பாத்துப் போ" என்று காரிடம் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.